பழைய கணினியும் எமது கடமையும்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை எழுதுவோர் தமிழின் தொன்மையைப் பற்றியோ, புலம்பெயர் மண்ணில் தாய்மொழிக் கல்வியின் தேவையைப் பற்றியோ எழுதுவது வழக்கம். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் இம்முறை எமது பாடசாலையின் பின்னறையில் இருக்கும் ஆறு பழைய கணினிகளைப் பற்றி எழுதத் துணிந்தேன். இவற்றுக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கணினிகளில் இயங்கிய விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளியிட்டது. 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளுடன் அதற்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. அந்த நாள் நெருங்கிய வேளையில் எமது நிர்வாகக் கூட்டத்தில் இவ்விடயம் பேசப்பட்டது. "எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதியவற்றை வாங்குவோம், பெற்றோரிடம் பணம் சேர்ப்போம்" என்றார் ஒருவர். "இதுவரை ஓடியது இனியும் ஓடும், பேசாமல் விடுங்கள்" என்றார் மற்றொருவர். இருவரும் பாடசாலையின் நன்மை கருதியே பேசினர். எனினும் இரண்டு கருத்துகளும் தவறானவை என்பதே எனது எண்ணம்.

முதலில் ஆதரவு முடிவுறுதல் என்பதன் பொருளைத் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும். ஒக்டோபர் 15ஆம் நாள் காலையில் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. முன்போலவே எழுதலாம், படிக்கலாம், அச்சிடலாம். அவ்வாறாயின் நின்றது எது?

யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியை நினைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் வேலி அடைப்பார்கள். மழையிலும் வெயிலிலும் இற்றுப்போன கிடுகை அகற்றிப் புதியதை வைத்துக் கட்டுவார்கள். ஒரு வருடம் அடைக்காமல் விட்டால் வேலி விழுந்துவிடாது. ஆனால் ஆங்காங்கே பொட்டு விழும். முதலில் கோழி போகும், பிறகு நாய் வரும், ஈற்றில் கள்வனுக்கும் வழி பிறக்கும். இயங்குதளமும் அத்தகையதே. எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் அதில் ஓட்டைகள் இருக்கும். அவை காலத்துக்குக் காலம் கண்டுபிடிக்கப்படுகின்றன. கண்டுபிடிக்கப்பட்டதும் அவற்றை அடைக்கும் திருத்தங்களை நிறுவனம் இணையத்தின் வழியே அனுப்பி வந்தது. ஆதரவு முடிந்தது என்றால் வேலி அடைப்பவர் இனி வரமாட்டார் என்பதே பொருள். வீடு அப்படியே இருக்கிறது; வேலிதான் நாளுக்கு நாள் இற்றுப்போகிறது.

"எமது வீட்டில் கள்வனுக்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்பதுண்டு. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் 'வன்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியதை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். அது கணினியில் உள்ள ஆவணங்களைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. பிரித்தானியாவில் மருத்துவமனைகள் நோயாளரின் சந்திப்புகளை இரத்துச் செய்ய நேர்ந்தது. நாம் வாழும் ஜேர்மனியிலும் புகையிரத நிலையங்களின் அறிவிப்புப் பலகைகளில் பணம் கேட்கும் அந்தச் செய்தி தோன்றியது. அத்தீநிரல் யாரையும் பெயர் சொல்லித் தேடி வரவில்லை. பொட்டு இருந்த வேலிகளிலெல்லாம் நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. கிடுகு கைக்கு வந்த பின்னரும் வேலி அடைக்காதோரே பெரும்பாலும் பாதிக்கப்பட்டனர். கிடுகே வராத நிலையில் இருப்போர் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே பேசாமல் விடுவது வழியன்று. அப்படியாயின் எல்லாவற்றையும் கழித்துவிடுவதுதான் வழியா? அதுவும் அன்று.

2021ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. இன்டெல் நிறுவனத்தின் செயலிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் 2017இல் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறை முதற்கொண்டே அது அனுமதிக்கின்றது. ரி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். எமது ஆறு கணினிகளும் ஓர் அலுவலகம் கழித்தபோது மலிவாக வாங்கப்பட்டவை. ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தவை. அவற்றின் விசைகள் தேயவில்லை, திரைகள் மங்கவில்லை. அவை தகுதியற்றவை என்று சொன்னது இயந்திரத்தின் முதுமை அன்று, ஒரு பட்டியல். நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. பத்து ஆண்டுகள் ஆதரவு தருவது சிறிய காரியமன்று. புதிய பாதுகாப்பு முறைகளுக்குப் புதிய வன்பொருள் வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் ஒரு நிறுவனத்தின் நாட்காட்டி எமது வீட்டுப் பொருளின் ஆயுளைத் தீர்மானிக்க நாம் ஏன் கேள்வியின்றி இசைய வேண்டும்? 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் சார்பான அறிக்கை கூறுகின்றது. அதில் எம்மால் குறைக்கக்கூடியதைக் குறைப்பது நல்ல குடிமக்களின் கடமையல்லவா?

எனவே பெற்றோர்கள் பதற்றமின்றிப் படிப்படியாகச் செயற்படுவது நன்று. முதலாவதாக, உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பாருங்கள். அதற்கான சோதனைச் செயலியை நிறுவனமே இலவசமாகத் தருகின்றது. சில கணினிகளில் மேற்சொன்ன பாதுகாப்பு வசதி இருந்தும் அணைக்கப்பட்டிருக்கும். அதனைத் தொடக்க அமைப்பில் இயக்கிவிட்டாற் போதும். ஏற்குமாயின் பணம் செலுத்தாமலே மாறிவிடலாம்.

இரண்டாவதாக, ஏற்காத கணினிகளுக்கென நீடித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. தனியார் பாவனைக்கு அதன் முதல் எல்லை 2026ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் நாள் என வகுக்கப்பட்டது. ஜேர்மனியை உள்ளடக்கிய ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வாழ்வோருக்கு அது கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஆயினும் இது தவணை வாங்குவதேயன்றிக் கடன் தீர்ப்பதன்று. தவணைக் காலத்தை யோசிப்பதற்குப் பயன்படுத்தியவரே பயன் பெற்றவராவார்.

மூன்றாவது வழி லினக்ஸ். 1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் தொடங்கிய பணி அது. இன்று உலகெங்கும் உள்ள வல்லுநர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து வளர்க்கின்றனர். விலையில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ற் போன்ற பெயர்களில் வெவ்வேறு தொகுப்புகள் கிடைக்கின்றன. பத்து ஆண்டு பழைய கணினியிலும் நன்கு இயங்குபவை அவற்றுட் பல. இதில் ஜேர்மனியின் பங்கும் பெரிது. கே.டி.ஈ. எனப்படும் திரைச்சூழலுக்கு 1996இல் வித்திட்டவர் தூபிங்கன் நகரில் படித்த மாணவர். லிப்ரே ஒபிஸ் என்னும் அலுவலக மென்பொருளைப் பேணும் அறக்கட்டளை பேர்லினில் உள்ளது. 2024ஆம் ஆண்டு ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்ரைன் மாநில அரசு தனது ஏறத்தாழ 30,000 கணினிகளை இத்தகைய கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது.

இது எளிதான பாதை என்று நான் கூற வரவில்லை. மியூனிக் நகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பல ஆண்டுகள் உழைத்த பின்னர் 2017இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. எமது பாடசாலையிலும் இடர்கள் இல்லாமலில்லை. முன்னாள் மாணவர் ஒருவர், இன்று பல்கலைக்கழகத்தில் பயில்பவர், ஒரு சனிக்கிழமை வந்து சிறிய நினைவுக்குச்சியிலிருந்து லினக்ஸை இயக்கிக் காட்டினார். வன்தட்டில் உள்ள எதையும் தொடாமலே அவ்வாறு பரீட்சித்துப் பார்க்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. மனம் இசைந்த பின்னரே நிறுவினோம். ஐந்து கணினிகள் அன்று மாலையே இயங்கின. தமிழ்99 விசைப்பலகையும் பழைய தட்டச்சு முறையும் இரண்டுமே கிடைத்தன. ஆனால் எமது பழைய அச்சுப்பொறி புதிய தளத்துடன் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. இரண்டு வாரங்கள் போராடிய பின் வேறோர் அச்சுப்பொறியை ஒரு பெற்றோர் அன்பளிப்புச் செய்தார். ஆறு புதிய கணினிகள் வாங்க ஏறத்தாழ 3,000 யூரோ தேவைப்படும் என்று கணக்கிட்டிருந்தோம். அத்தொகை பெற்றோரிடமே மிஞ்சியது.

ஆறாவது கணினி என்னவாயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். இக்கட்டுரையின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது.

அதனை அழிக்கத் தொடங்குமுன் அந்த மாணவர் என்னிடம், "ஆசிரியர், இதிலே நிறையக் கோப்புகள் இருக்கின்றன. திறந்தால் ஒன்றும் விளங்கவில்லை. ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வருகின்றன. அழித்துவிடட்டுமா?" என்று கேட்டார். நான் அருகே சென்று பார்த்தேன். ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி. எனது விரல்களுக்கு அது உடனே விளங்கிற்று. அது 'தமிழ்' என்னும் சொல்.

இளைய தலைமுறைக்கு இதனை விளக்குதல் வேண்டும். 1990களில் எம்மவர் கணினியில் தமிழ் எழுத 'பாமினி' போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தினர். அம்முறையில் கணினியின் உள்ளே சேமிக்கப்பட்டவை ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது எழுத்துரு. போர்வை இருக்கும்வரை தமிழ். அது நீங்கினால் பொருளற்ற எழுத்துக் குவியல். இன்று நாம் பாவிக்கும் ஒருங்குறி அவ்வாறானதன்று. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான எண் உண்டு. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே நிற்கும்.

அந்த ஆறாவது கணினியில் இருந்தவை என்ன? எமது பாடசாலையின் முதல் ஆண்டுகளில் எழுதப்பட்ட பாடங்கள், வினாத்தாள்கள், மாணவர் பெயர்ப் பட்டியல்கள், முன்னைய விழா மலர்கள் சில. அவற்றை இரவிரவாகத் தட்டச்சுச் செய்த ஆசிரியர்களுள் இருவர் இன்று எம்மிடையே இல்லை. மலர்கள் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில் வடிவமைக்கப்பட்டவை. அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. இக்காலக் கணினிகளில் அக்கோப்புகளைத் திறப்பதே அரிது. ஒரு விசையை அழுத்தியிருந்தால் அவ்வளவும் போயிருக்கும். அழித்தவர் மீதும் குற்றமிராது. அவர் கண்ணுக்கு அது தமிழே அன்று.

இவ்விடத்தில் என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. நான் தாயகத்தில் வன்னியில் ஆசிரியனாகப் பணியாற்றியவன். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மக்கள் கிளிநொச்சியை விட்டுத் தருமபுரம், விசுவமடு எனக் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது எமது பாடசாலையும் பெயர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டி ஒன்று ஒரு நடைக்கு மட்டும் கிடைத்தது. மேசைகளையும் வாங்குகளையும் முதலில் ஏற்றுங்கள் என்று சொன்னவன் நானே. பிள்ளைகள் தரையில் இருக்கக்கூடாது என்று எண்ணினேன். சேர்வு இடாப்பும் வரவு இடாப்புகளும் அலுமாரியில் இருந்தன. அடுத்த நடையில் எடுக்கலாம் என்றேன். அடுத்த நடை வரவேயில்லை. அந்த மேசைகளையும் சில வாரங்களில் கைவிட்டுத்தான் நடந்தோம்.

பல ஆண்டுகளின் பின்னர் வேறொரு நாட்டிலிருந்து ஒரு முன்னாள் மாணவி என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். எட்டாம் ஆண்டுவரை எமது பாடசாலையில் படித்தமைக்கு ஓர் அத்தாட்சி வேண்டும் என்றாள். அவள் எந்த வாங்கில் இருந்தாள் என்பது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அதை எந்த அலுவலகமும் ஏற்காது. இடாப்பு இருந்திருந்தால் ஒரு வரி போதுமாயிருந்திருக்கும். அன்று நான் கற்ற பாடம் இது: இடம்பெயரும்போது முதலில் எடுக்கவேண்டியது மேசையன்று, இடாப்பு. மேசையைப் பிறகு யாரும் செய்து தருவர். இடாப்பை எவராலும் செய்து தர இயலாது.

கணினி மாற்றமும் ஓர் இடப்பெயர்வே. இயந்திரம் மேசை, உள்ளே இருக்கும் ஆவணம் இடாப்பு. நாமோ எந்தக் கணினியை வாங்குவது என்று மாதக்கணக்கில் விவாதிக்கிறோம். பழையதில் என்ன இருக்கிறது என்று ஒரு மணி நேரம் பார்ப்பதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதை எண்ணி இன்றும் கண் கலங்குகிறோம். அங்கே தீ வைத்தவர் பிறர். இங்கே எமது எழுத்துகளைக் கழிவுக் குவியலில் இடுபவர் நாமே என்றால் யாரிடம் முறையிடுவது? 2005ஆம் ஆண்டு முதல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேகரித்துக் காக்கின்றது. அத்தகைய முயற்சிகளுக்கு எமது மலர்களும் சென்று சேர வேண்டுமாயின் அவை முதலில் எம் கையில் இருத்தல் வேண்டும்.

ஆறாவது கணினியை நாம் அழிக்கவில்லை. இணையத் தொடர்பை முற்றாகத் துண்டித்து, பழைய இயங்குதளத்துடனேயே ஒரு மூலையில் வைத்துள்ளோம். வெளியுலகுக்கு வாசல் இல்லாத வீட்டுக்கு வேலி அவ்வளவு அவசியமில்லை. அதிலிருந்து எழுத்துக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாற்றுகிறோம். மலர்ப் பக்கங்களை எங்கும் திறக்கக்கூடிய பி.டி.எவ். வடிவில் சேமிக்கிறோம். இரண்டு பிரதிகள் எடுத்து இரண்டு இடங்களில் வைக்கிறோம்.

வீடுகளுக்கும் இதுவே பொருந்தும். கணினியை மாற்றுமுன் படங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், வதிவிட அனுமதி தொடர்பான கடிதங்கள் ஆகியவற்றைப் பிரதி எடுத்து வையுங்கள். கழிக்கும் கணினியின் வன்தட்டை முறையாக அழித்த பின்னரே கையளியுங்கள். எமது அகதி விண்ணப்பங்களும் குடும்ப விபரங்களும் அந்நியர் கைக்குச் செல்லலாகாது. ஆதரவு முடிந்த கணினியில் வங்கி அலுவல்களைச் செய்யாதீர்கள். "கணினி நிறுவனத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினி பழுது" என்று தொலைபேசியில் அழைப்போரை நம்பாதீர்கள். அவ்வாறு அழைப்போர் வஞ்சகரே. வீட்டில் தனியே இருக்கும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கு இதனைப் பிள்ளைகளாகிய நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

நிறைவாக, எமது பாடசாலைச் சமூகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒன்று, தமிழ்ப் படிப்புக்காக எந்தக் குடும்பமும் கடன்பட்டுப் புதிய கணினி வாங்க நேரக்கூடாது. தேவையுள்ளோர் பழைய கணினியைச் சனிக்கிழமை கொண்டுவரட்டும், இயன்றதைச் செய்வோம். இரண்டு, தவணைக்கு ஒரு நாளை ஆவணம் காக்கும் நாளாக ஒதுக்குவோம். பரணில் கிடக்கும் பழைய தட்டுகளையும் நினைவுக்குச்சிகளையும் எடுத்து வாருங்கள்; அவற்றில் உறங்கும் தமிழை எழுப்புவோம். மூன்று, மேல்வகுப்பு மாணவர்கள் இப்பணியைப் பொறுப்பேற்க வேண்டும். எமக்கு எழுத்துத் தெரியும், உங்களுக்கு இயந்திரம் தெரியும். அரைப்புள்ளியோடு முடியும் அந்த ஐந்து குறிகளைத் 'தமிழ்' என்று வாசிக்க வல்லவர்கள் இன்னும் சிலரே எஞ்சியுள்ளோம். நாம் இருக்கும்போதே வந்து கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே! இயங்குதளங்கள் வரும், போகும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014இல் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 7க்கு 2020இல் முடிந்தது. இன்றுள்ளவற்றுக்கும் ஒரு நாள் முடியும். ஒவ்வொரு முறையும் நீங்கள் ஓர் இடப்பெயர்வைச் சந்திப்பீர்கள். அவ்வேளைகளில் உங்கள் ஆசிரியன் ஒருமுறை செய்த தவறை நீங்கள் செய்யாதிருப்பீர்களாக. பெட்டியில் முதலில் இடாப்பை ஏற்றுங்கள்.